தூயமல்லிக்கு உயர்த்திய வரப்பு

என் மைத்துனனுடன் காய்கறி வாங்கப் போவது, வழக்குமன்றத்தில் சாட்சியாக நிற்பதற்கு ஒப்பானது. குற்றம் நம்முடையதன்று, ஆயினும் விசாரணை முடியும்வரை நகர முடியாது. தஞ்சைக் கடைத்தெருவில் ஒருநாள் காலை, தக்காளிக் கூடையின் முன் குந்தி அமர்ந்து, அதை விற்ற அம்மாளிடம் அவன் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த விடைகளும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன.

"இது எந்த ஊர்த் தக்காளிம்மா?"

"மார்க்கெட்டுத் தக்காளி, தம்பி."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி லாரியில இருந்துச்சு."

"அதில்லம்மா. மரபணு மாத்தினதான்னு கேக்கறேன்."

"நான் எதையும் மாத்தல சாமி. வந்தத அப்படியே கொட்டி வெச்சிருக்கேன். அழுகல் இருந்தா நாளைக்குக் கொண்டாங்க, மாத்தித் தர்றேன். ஒரு கிலோ போடட்டா?"

அவன் போடச் சொல்லவில்லை. வெறும் பையுடன் எழுந்தான். வீட்டிற்குத் திரும்பும் வழியில், மரபணு மாற்றிய தக்காளியோ கத்தரிக்காயோ நெல்லோ நம் நாட்டுச் சந்தைக்கு வருவதற்கு இசைவே கிடையாது என்பதை எடுத்துரைத்தேன். "அதனாலதான் அத்தான் கேக்கறேன். நாம கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் வராது" என்றான். கட்டிலுக்கடியில் புலி இருக்கிறதா என்று நாள்தோறும் குனிந்து பார்ப்பவனிடம், தஞ்சாவூரில் புலி கிடையாது என்று சொல்லிப் பயனில்லை. தான் குனிந்து பார்ப்பதனாலேயே புலி வராமலிருக்கிறது என்று அவன் உறுதியாக நம்புவான்.

அவன் என் மனைவியின் தம்பி. சிங்கப்பூரில் பல ஆண்டுகள் கணிப்பொறி முன் அமர்ந்து உழைத்தவன். அங்கே, எந்த நாட்டில் விளைந்தது என்றே தெரியாத உணவைக் கண்ணாடித் தாளைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தவன், ஒரு நாள் மருத்துவர் சொன்ன சர்க்கரை அளவைக் கேட்டு ஞானம் பெற்றான். வேலையை விட்டுவிட்டுத் தஞ்சைக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியேறினான். ஞானம் பெற்றவர்கள் முன்னாளில் காட்டுக்குப் போனார்கள். இக்காலத்தில் அக்காள் வீட்டுச் சமையலறைக்கு வருகிறார்கள்.

வந்த முதல் வாரத்திலேயே எங்கள் அலமாரிகள் சோதனைக்கு உள்ளாயின. சீனி வெளியேறியது, மைதா வெளியேறியது, நான் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டும் வெளியேறியது. அவற்றின் இடத்தில், பச்சை இலைப் படம் போட்ட பொட்டலங்கள் அணிவகுத்தன. அவற்றுள் ஒன்று உப்பு. "மரபணு மாற்றம் செய்யப்படாதது" என்று அதன்மேல் அச்சிட்டிருந்தார்கள். உப்புக்குத் தாயும் தகப்பனும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். வேதாரணியத்து உப்பளத்தில் வெயிலில் காயும் சாதாரண உப்பை, பிறப்பு விவரம் தெரியாததென்று என் மனைவி தெருவில் கோலமிடும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் வெறும் பயந்தாங்கொள்ளி அல்லன்; படித்துவிட்டுப் பயப்படுகிறவன். எண்ணெயைப் பற்றி எனக்குத் தெளிவித்தவன் அவன்தான். மரபணு மாற்றி இங்கே முறையாகப் பயிராவது பருத்தி ஒன்றுதான். அந்தப் பருத்தியின் விதையை ஆட்டிய எண்ணெய் பலகாரக் கடைகளின் வாணலிவரை வந்துவிடுகிறது. கடல் கடந்து வரும் சோயா எண்ணெயின் கதையும் அதுவே. இதை அவன் விளக்கியபோது என் கையில் ஒரு பிடி மிக்சர் இருந்தது. கத்தரிக்காயைக் கண்டு அஞ்சும் ஊர், மாலையில் மிக்சர் தின்கிறது என்றான். அன்று முதல் எங்கள் வீட்டில் மரச்செக்கு நல்லெண்ணெய். வாழைக்காய் வறுவல்கூட எள் மணத்தது. மறுத்துப் பேச எனக்கு வாதம் இருக்கவில்லை; பசி மட்டும் இருந்தது.

தன்னைப் போன்றோரைத் தேடிக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை. நகரில் இயற்கை உணவுக்கென ஒரு வட்டம் இருந்தது. அதன் தலைவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். ஒரு பல் மருத்துவர் தம்பதி, கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் அறிவுரைகளை ஊராருக்குப் பகிர்ந்தளிக்கும் பெற்றோர் பலர் அதன் உறுப்பினர்கள். கைப்பேசிக் குழுவில் விடியற்காலை தொடங்கி ஒருவர் மற்றவரைப் புற்றுநோயால் அச்சுறுத்துவார்கள். மாலையில் வணக்கம் சொல்லி விடைபெறுவார்கள். அவ்வட்டத்திற்கு ஒரு குறை இருந்தது: உண்பதற்குச் சோறு இருந்தது; அது விளைந்த இடத்தை நேரில் காட்டுவதற்கு வயல் இல்லை. என் மைத்துனனுக்கோ வேறொரு குறை: கொள்கை இருந்தது, நிலமில்லை. நிலம் என்னிடம் இருந்தது.

திருவையாற்றுக்கு அப்பால், குடமுருட்டிப் பாசனத்தில், என் தந்தை வழியில் எனக்கு வந்த நன்செய் கொஞ்சம் உண்டு. அதைக் குத்தகைக்குச் செய்துவந்தவர், மகனோடு திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அவ்வாண்டு அது தரிசாகக் கிடந்தது. தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்நிலத்தோடு இருந்த உறவு பட்டாவில் உள்ள பெயரளவே. "குடுங்க அத்தான், நான் சாகுபடி பண்றேன். தூயமல்லி நெல்லு. ஒரு சொட்டு மருந்து கிடையாது" என்றான். கொடுத்தேன். வறுவலில் எள் மணக்காத ஒரு நாளாவது அதனால் கிடைக்கும் என்று நம்பினேன்.

எங்கள் நிலத்திற்கு மேலண்டை வயல் ஒரு பெண்மணியுடையது. ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் வளைகுடா நாட்டில் லாரி ஓட்டுகிறார். நாற்று விடுவது முதல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது வரை அனைத்தும் இந்த அம்மாளின் பொறுப்பு. ஸ்கூட்டரின் முன்பக்கம் யூரியா மூட்டையை நிறுத்தி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு அவர் ஓட்டிவரும் காட்சியைப் பார்த்த அன்றே என் மைத்துனனுக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனி வாய்க்கால் கிடையாது. வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்குத் தண்ணீர் பாயும், அது நிறைந்தால் வரப்பிலுள்ள மடை வழியே அடுத்த வயலுக்கு இறங்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, எல்லாவற்றையும் நனைத்த பிறகு வடிகாலில் விழும். பாய்வதும் வடிவதும் இந்த ஒரே வழியில்தான். வரிசையில் எங்களுடையது கடைசி வயல். எனவே மேலண்டை அம்மாள் போட்ட யூரியாவும் அடித்த மருந்தும், அவர் அனுப்பாமலே, எங்கள் வயலுக்கு வந்து சேரும்.

முதலில் அவன் பேசிப் பார்த்தான். நானும் என் மனைவியும் உடனிருந்தோம்.

"அக்கா, நீங்களும் இயற்கைக்கு மாறிடுங்களேன்."

"மாறுறேன் தம்பி. மகசூல் கொறைஞ்சா உங்க வட்டத்துல வந்து சாப்பிட்டுக்கலாமா?"

"கொறையாதுக்கா. முதல் ரெண்டு மூணு வருஷம்தான்..."

"அந்த ரெண்டு மூணு வருஷத்துக்கு என் வீட்டுல எல்லாரையும் விரதம் இருக்கச் சொல்றீங்க. சிங்கப்பூருல சம்பாரிச்சுட்டு வந்து வெவசாயம் பண்ணுறது வேற, வெவசாயத்துல சம்பாரிச்சு இவர சிங்கப்பூருக்கு அனுப்புறது வேற." பின்னால் இருந்த மகனை மோவாயால் சுட்டினார். பொறியியல் படிக்கும் அந்தப் பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

என் மனைவி பேச்சைத் திருப்பும் எண்ணத்தில், "உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கும் இதே நெல்லுதானா?" என்று கேட்டாள்.

"ஐயே, இதையா? அதோ அந்தக் கீழ மூலையில கிச்சிலிச்சம்பா நட்டிருக்கேன்க்கா, வீட்டுக்கு. அதுக்கு ஒண்ணும் அடிக்கிறதில்ல. புள்ளைங்க திங்கறது."

சொன்னபின்தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது போலும். அவர் எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. விற்கும் நெல் வேறு, உண்ணும் நெல் வேறு என்பது எங்கள் வட்டாரத்தில் பலரும் செய்வது. ஆயினும் அதை வரப்பில் நின்று நேராகக் கேட்பது, நாம் நெடுநாள் உண்ட சோற்றின் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது போலிருந்தது. மைத்துனனின் பயத்தை அதுவரை கேலி செய்துவந்த நான், அன்று அதைக் கேலி செய்யவில்லை. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறு வாரமே பொக்லைன் வந்தது. மேலண்டைக்கும் எங்களுக்கும் இடையிலான வரப்பு, முழங்கால் உயரத்திலிருந்து மார்பளவுக்கு எழுந்தது. மடை களிமண்ணால் அடைக்கப்பட்டது. பாசனத்திற்குச் சொந்தமாக ஒரு போர் போட்டான். ஆற்று நீரும் மேலண்டை யூரியாவும் கலந்து மண்ணுக்குள் இறங்கி அதே இடத்தில்தான் ஊறும் என்று நான் நினைவூட்டியபோது, "மண்ணு வடிகட்டும் அத்தான்" என்றான். மண்ணுக்கு அவன் அளித்த நம்பிக்கையில் ஒரு பங்கை மனிதருக்கும் அளித்திருக்கலாம். காவிரியையே கல்லணையில் நிறுத்தி, அம்மா, நீ எந்தெந்த வயல் வழியாக வருகிறாய், உன்னிடம் சான்றிதழ் உண்டா என்று கேட்க வழியிருந்தால் அதையும் கேட்டிருப்பான். வழியில்லாததால் வரப்போடு நின்றான்.

மேலண்டை அம்மாள் அந்தக் கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மழை வந்தா எங்க தண்ணி எங்க போகும், தம்பி?"

"பாத்துக்கலாம்க்கா."

"யாரு பாத்துக்கறது?"

அவன் வரப்பைப் படமெடுப்பதில் முனைந்திருந்தான். எனக்கும் அப்போது அது ஒரு கேள்வியாகவே படவில்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வட்டத்தின் குழுவில் வரப்பின் படம் வெளியாகி, கைதட்டும் பொம்மைகள் குவிந்துகொண்டிருந்தன.

தூயமல்லி நட்டாயிற்று. பயிர் வேர்பிடித்துப் பச்சை கட்டியது. வட்டத்தார் தங்கள் சோறு வளர்வதைக் கண்ணாரக் காண ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் அமர்த்துவதென்று முடிவாயிற்று. ஐப்பசி மழைக்கு இந்த முடிவு தெரிவிக்கப்படவில்லை. அதற்கு முந்தைய நாள்களில் அது விடாமல் கொட்டியது. ஞாயிறு காலை சற்றே வெளிவாங்கியதும், வட்டத்தார் குடைகளோடும் மழைச்சட்டைகளோடும் வந்து இறங்கினார்கள். வரப்பிலே நடக்கும்போது ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நீத்தார் கடனுக்குப் போகிறவர்கள் போலிருந்தது. பல் மருத்துவரின் மனைவி பயிரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒருவர் தம் பேத்தியிடம், "பாரும்மா, இதுதான் அரிசிச் செடி" என்றார். பின்னர் எல்லாரும் களைத்துப்போய், கொண்டுவந்த மிக்சர் பொட்டலங்களைப் பிரித்தார்கள். என் மைத்துனன் அப்பொட்டலங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விருந்தினர் ஆயிற்றே என்று விட்டுவிட்டான்.

அப்போதுதான் மேலண்டை அம்மாள், தோளில் மண்வெட்டியுடன் உயர்ந்த வரப்பின்மேல் ஏறி வந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"கூட்டமா இருக்கீங்க, நல்லதாப் போச்சு. எல்லாரும் இப்படி மேல ஏறி அந்தப் பக்கம் பாருங்க. பயிரு தெரியுதா?"

ஏறிப் பார்த்தோம். பயிர் தெரியவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் வயல் முழுவதும் தளும்பி நின்றது. நடுவில் மேடான இடங்களில் மட்டும் நுனி இலைகள் எட்டிப் பார்த்தன.

"முந்தாநேத்துலேருந்து முழுகிக் கெடக்கு. நேத்தும் வந்து சொன்னேன். மழை விட்டா தானா வத்தும்னாரு தம்பி. வத்தலயே. இன்னிக்கு வடியலன்னா அத்தனையும் அழுகிரும். மடைய வெட்டி விடுங்க."

வட்டத்தின் தலைவர் முன்னுக்கு வந்தார். வங்கியில் கடன் மறுத்துப் பழகிய கனிவு அவர் குரலில் இருந்தது. "அம்மா, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. ஆனா இது இயற்கை வயல். உங்க தண்ணியில ரசாயனம் இருக்கே."

"அதுல இருக்கறது மழைத்தண்ணி சார். உங்க வயல்ல பேஞ்ச அதே மழை."

என் மைத்துனன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?"

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி. போன வாரம் அடிச்சேன். இலைச்சுருட்டுப் புழு."

ஓர் அடி பின்வாங்காதவர் எங்களில் எவருமில்லை. புழு இலையைச் சுருட்டுவதைவிட விரைவாக வட்டத்தார் தம் மழைச்சட்டைகளைச் சுருட்டிக்கொண்டார்கள்.

உடனே ஓர் ஆலோசனைக் கூட்டம் வரப்பின்மீதே கூடியது. இத்தகைய கூட்டங்களில் தீர்வு காணப்படாமல் போவதில்லை. கண்ட தீர்வு வேலை செய்வதுதான் அரிது. மேலண்டைத் தண்ணீரை மோட்டாரால் உறிஞ்சி, நீண்ட குழாய் வழியே, எங்கள் தூயமல்லியின்மேல் ஒரு துளியும் சிந்தாமல், வடிகாலில் கொண்டுவிடுவதென்று பல் மருத்துவர் வகுத்தார். வாயில் ஊறும் நீரைக் குழாய் வைத்து உறிஞ்சுபவர்க்கு அது இயல்பான யோசனைதான். போருக்கென வைத்திருந்த மோட்டார் இழுத்து வரப்பட்டது. குழாய்கள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. மேலண்டை அம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"வானத்துல இருந்து கொட்டினத பைப்புல எறைக்கப் போறீங்களா? எறைங்க. தை மாசத்துக்குள்ள முடிஞ்சிடும்."

மோட்டார் உறுமியது, குழாய் ஒருமுறை விம்மியது, மின்சாரம் நின்றது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் மின்சாரம் நிற்பதற்கு மேகமூட்டமே போதும். மீண்டும் எப்போது வரும் என்று தலைவர் கைப்பேசியில் விசாரிக்கத் தொடங்கினார். எங்கோ கம்பம் சாய்ந்திருக்கிறதாம்.

அந்த அம்மாளின் குரல் மாறியது. கேலி போய்விட்டது. "தம்பி, நெல்லு போடுற வயலு கெடக்கட்டும். அதுல போனா மாடாட்டம் ஒழைச்சு அடுத்த போகத்துல எடுத்துக்குவேன். மொதல்ல முழுகினது எது தெரியுமா? உங்க வரப்புக்கு ஒட்டினாப்புல இருக்கே, அந்தக் கீழ மூல. அதுதான் பள்ளம். அங்கதான் கிச்சிலிச்சம்பா. எங்க வீட்டுச் சோறு. அதுவும் போச்சுன்னா நான் விக்கிற நெல்ல நானே வாங்கித் திங்கணும்."

அந்த மூலை எங்கள் காலடியில்தான் இருந்தது. அங்கே ஒரு நுனி இலைகூடத் தெரியவில்லை. அந்த வட்டாரத்தில் மருந்து படாமல் விளைந்த நெல், என் மைத்துனனுடையதைத் தவிர, எனக்குத் தெரிந்து அந்த மூலையில் மட்டுமே இருந்தது. மருந்தில்லா உணவைக் காப்பதற்காக அவன் எழுப்பிய வரப்பு, முதலில் அதைத்தான் மூழ்கடித்திருந்தது.

அவன் என் பக்கம் திரும்பினான். "அத்தான், பட்டா உங்க பேர்லதான இருக்கு. நீங்க சொல்லுங்க."

"பட்டாவுல நிலம்தான் இருக்கு மாப்ளே. வரப்ப ஒசத்தினது நீ."

"வெட்டினா இந்த வருஷம் இயற்கை வயல்னு சான்று கிடைக்காது. வட்டத்துக்குக் குடுக்கறேன்னு சொன்ன அரிசியும்..." அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர், "கொள்கைன்னு ஒண்ணு இருக்கு சார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே" என்றார். அவருடைய கொள்கை அவர் காலணியைப் போலவே சேறு படாமல் இருந்தது.

"எவ்வளவு பொறுக்கறது சார்? அழுகற வரைக்குமா?" என்றான் மைத்துனன். இயற்கை உணவு பற்றியல்லாமல் அவன் குரலுயர்த்தி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அந்த அம்மாளிடம் கையை நீட்டினான். "மம்மட்டியக் குடுங்கக்கா."

"நீங்க வேணாம், நான் வெட்டுறேன். காலுல போட்டுக்கப் போறீங்க."

"நான் அடைச்சதுக்கா. நானே வெட்டுறேன்."

காலில் போட்டுக்கொள்ளவில்லை என்பதைத் தவிர அந்த வெட்டில் பாராட்டத்தக்கது எதுவுமில்லை. பொக்லைன் அழுத்திவைத்த களிமண் எளிதில் இளகுவதாக இல்லை. மண்வெட்டி ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொண்டது, அந்த அம்மாள் மேலே நின்று, "சாச்சு வெட்டுங்க, நெட்டுக்குத்தா போடாதீங்க, இடுப்பு போயிரும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். வரப்பின் கழுத்து மெலிந்ததும் தண்ணீரே மிச்சத்தை உடைத்துக்கொண்டது. நுரைத்துக்கொண்டு, வைக்கோலும் பாசியும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடித்துக்கொண்டு, தூயமல்லிக்குள் பாய்ந்தது. அவன் விலகாமல் முழங்கால் தண்ணீரில் நின்று, மேடான இடங்களை வெட்டி, வடிகால் வரை வழி திறந்துவிட்டான்.

வட்டத்தார் சாலைக்கு ஏறிவிட்டார்கள். வேனுக்குள் ஏறுமுன் தலைவர், "இந்த அறுவடை பத்தி நாம தனியாப் பேசணும்" என்றார். அதற்குரிய சோகம் எல்லார் முகத்திலும் இருந்தது. மிக்சர் தீர்ந்திருந்தது.

மாலைக்குள் மேலண்டையில் பயிர் தலைகாட்டியது. நெல் போடும் வயல் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. கீழ மூலையில் ஏறக்குறையப் பாதி அழுகிவிட்டது. மிச்சமிருந்த பயிர்க் குத்துகளைப் பிரித்து, காலியான இடங்களில் அந்த அம்மாள் மறுபடியும் நட்டார். இரண்டு நாள் என் மைத்துனனும் கூடவே குனிந்து நட்டான். வரிசை கோணலாக இருந்தது. அவர் அதைப் பிடுங்கி நடாமல் விட்டுவைத்தது, வரப்பை உயர்த்தியதற்கான மன்னிப்பா, அல்லது நேரமின்மையா என்று எனக்குத் தெரியாது.

தலைவர் சொன்ன தனிப்பேச்சு ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அவர்கள் அரிசியை மறுக்க வருகிறார்கள் என்று எண்ணியிருந்தேன். அவர்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். வட்டத்தின் வயல் என்று ஊரெல்லாம் படம் அனுப்பியாகிவிட்டது. அதை இப்போது மறுத்தால் வட்டத்தின் பெயர் என்னாவது?

"வரப்ப மறுபடி மூடிடுங்க. ஆய்வுக்கு வர்றவர் பாக்கறப்ப மூடியிருந்தாப் போதும்" என்றார் தலைவர். "மழைத்தண்ணி வந்துச்சு, போயிடுச்சு. யாரு பாத்தா?"

"நீங்கதான் சார் பாத்தீங்க. வேன் நெறைய" என்றான் மைத்துனன்.

என் மனைவி சுக்குமல்லிக் காப்பியை நீட்டியபடி, "அதுல வெல்லம்தான் போட்டிருக்கேன். பயப்படாமக் குடிங்க" என்றாள். அவள் கேலி செய்கிறாள் என்பதை அவர்கள் உணரவில்லை.

அன்றிரவே அவன் நடந்ததை நடந்தபடி குழுவில் எழுதினான்: மேலண்டைத் தண்ணீர் வயலில் பாய்ந்தது, அதில் மருந்து இருந்தது, இந்நெல் முற்றிலும் இயற்கையானதென்று சொல்ல இயலாது, வேண்டியவர்கள் வாங்கலாம். நேர்மையான, பிழையற்ற உரைநடை. நானே திருத்தியிருந்தாலும் ஒரு சொல்லை நீக்கியிருக்க மாட்டேன். ஒவ்வொருவராகக் கைகூப்பும் பொம்மையை இட்டு விலகிக்கொண்டார்கள். பின்னர் அவர்கள் கடையில் கிடைக்கும் பொட்டல அரிசிக்குத் திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன்மேல் பச்சை இலைப் படம் உண்டு. அது எந்த வயலில் விளைந்தது, அவ்வயலுக்கு மேலண்டையில் யார் இருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே அது தூயது.

தையில் அறுவடை ஆயிற்று. அவ்வரிசியை நாங்களே ஓராண்டு உண்டோம். நல்ல அரிசி, குழையாது, கொழகொழக்காது. மைத்துனன் முதல் சில நாள் ஒவ்வொரு கவளத்தையும் இலைச்சுருட்டுப் புழுவின் நினைவோடு மென்றான். பிறகு பசித்தவன் போல உண்ணத் தொடங்கினான். சர்க்கரை அளவும் ஓரளவு குறைந்தது. அதற்குக் காரணம் தூயமல்லியா, சேற்றில் குனிந்து நட்டதா என்று மருத்துவர் சொல்லவில்லை.

அடுத்த சம்பாவிற்கு முன் வரப்பைப் பழைய உயரத்திற்கு இறக்கினான். மேலண்டை அம்மாளும் ஒரு சொல் கொடுத்தார். அவர் மருந்து அடிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்துவதாக நடிக்கவுமில்லை. அடிப்பதற்கு முன்னால் தொலைபேசியில் சொல்லிவிடுவார். இவன் மடையை அடைத்துக்கொள்வான். அவர் வயலில் தண்ணீர் சுண்டி, ஒரு வாரம் கழிந்ததும் திறந்துவிடுவான். மழை கொட்டினால் மடை எவரையும் கேட்காமல் திறக்கப்படும். எந்த ஆய்வாளரும் இந்த ஏற்பாட்டுக்குச் சான்று தரமாட்டார். இவனும் கேட்கவில்லை. வீட்டிற்கு வேண்டியது போக மிஞ்சும் நெல்லை, எப்படி விளைந்ததென்று சொல்லியே விற்கிறான். கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வட்டமாகக் கூடுவதில்லை.

சென்ற கார்த்திகையில் ஒரு காலை அவன் வயலிலிருந்து என்னை அழைத்தான். குரலில் பழைய விசாரணைத் தொனி.

"அத்தான், அக்கா போன் பண்ணினாங்க. இந்தத் தடவை புழு கம்மியாம். மருந்து அடிக்கலயாம். மடைய அடைக்க வேணாம்ங்கறாங்க."

"சரி."

"எப்படி நம்பறது? அடிச்சுட்டு அடிக்கலன்னு சொன்னா?"

"போன வருஷம் அத்தனை பேருக்கு முன்னாடி அடிச்சேன்னு சொன்னவங்க. இப்ப எதுக்கு மாத்திச் சொல்லப் போறாங்க?"

பின்னணியில் தண்ணீர் ஓடும் ஒலி கேட்டது. தொலைவில் அந்த அம்மாள் எவரையோ ஏசுவதும் கேட்டது.

"அப்ப தெறந்தே கெடக்கட்டுமா?"

"கெடக்கட்டும்."

அவன் உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டான். என்மீது கோபமா, என்னைக் கேட்குமுன்பே மடையில் அடைத்துவிட்டிருந்த மண்ணை எடுக்கும் அவசரமா என்று தெரியவில்லை. மதியம் பசியோடு வந்து, மறுசோறு கேட்டு வாங்கி உண்டான்.